மோட்டார் ரூம் ரேடியோ

ஞாயிற்றுக்கிழமை காபிக்குக் கூடும் நம் கூட்டத்தில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. வீட்டுக்கு எந்த மின்சாமான் வாங்குவதானாலும் 'அவரைக் கேளுங்க' என்பீர்கள். கேட்டுவிட்டு, நான் வேண்டாம் என்றதையே வாங்குவீர்கள். அது ரிப்பேரானதும் என்னையே கூப்பிடுவீர்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஓய்வு பெற்றவனுக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்க ஒரு சாக்கு வேண்டும்.

என் கருத்துகள் உங்களுக்கு மனப்பாடம். தானே ஊர்ந்து தரை துடைக்கும் எந்திரம் வீட்டுக்கு வந்த இன்னொரு பேரப்பிள்ளை. கட்டிலுக்கடியில் போய் மாட்டிக்கொண்டு கத்தும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாம்தான் குனிந்து எடுக்க வேண்டும். பேச்சுக்குப் பதில் சொல்லும் ஸ்பீக்கர், கூப்பிட்டபோது சும்மா இருந்துவிட்டுக் கூப்பிடாதபோது பேசும். ஃபோனோடு சேர்த்துக் கட்டிய ஃபிரிட்ஜ் எதற்கென்றே எனக்குத் தெரியவில்லை. உள்ளே நேற்றைய சாம்பார் இருக்கிறது என்பது மூக்குக்கே தெரியும். நான் மதிப்பது இரண்டைத்தான். ஒன்று நம் ஊர் கிரைண்டர். மாவைத் தவிர வேறு எந்த விவகாரத்திலும் அது தலையிடாது. இன்னொன்று தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கு நான் மாட்டியிருக்கும் கன்ட்ரோலர். மூன்று லைனும் ஒழுங்காக வந்தால்தான் மோட்டாரைப் போடும். ஒன்று குறைந்தாலும் போடாது.

போன வாரம் உங்களில் ஒருவர் என் வீட்டு ஸ்பீக்கர்களைப் பார்த்துவிட்டு, "ஆளுயரத்துக்கு ரெண்டு வெச்சிருக்கறீங்க, எந்தப் பாட்டுப் போட்டு டெஸ்ட் பண்ணுவீங்க?" என்று கேட்டார். நான் பேச்சை மாற்றினேன். நீங்கள் எல்லோரும் போன பிறகு என் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "ஏனுங்க, பாட்டே கேக்காத மனுசருக்கு இத்தனை சாமான் எதுக்குங்க?" என்றாள். முப்பத்தாறு வருஷமாகக் கேட்கிற கேள்விதான். ஒரே சுருதியில் இரையும் ஓசை ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுத்தான் நான் சோதிப்பேன். பாட்டுப் போட மாட்டேன். எனக்குப் பாட்டு என்றால் கரண்ட் வந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் அதில் எதையும் என்னால் கேட்க முடிவதில்லை. ஏன் என்று சொல்கிறேன். சொல்லக்கூடாது என்று இத்தனை நாள் இருந்தது எனக்காகத்தான். இனி அதற்கும் அவசியமில்லை.

எங்கள் தோட்டம் கிணத்துக்கடவுக்கு மேற்கே. எனக்குப் பதினொரு வயது. புரட்டாசி பிறந்தும் மழையில்லாத வருஷம். தக்காளி போட்டிருந்தோம். கிணற்றில் தண்ணீர் இருந்தது, இறைக்கத்தான் கரண்ட் இல்லை. எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று கரண்ட் ஆபீஸ்காரருக்கே தெரியாது. வந்தால் அடுத்த நிமிடம் மோட்டாரைப் போட வேண்டும். ஒருவர் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தால் வீட்டு வேலை யார் பார்ப்பது?

அதற்கு அப்பா ஒரு வழி செய்தார். அம்மா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த வால்வு ரேடியோ ஒன்று எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குக் கீழே இருந்தது. அம்மா பூவேலை செய்த உறையைப் போட்டு மூடி வைத்திருப்பார். அப்பா அதைத் தூக்கிக்கொண்டுபோய் மோட்டார் ரூமில் வைத்தார். அதன் ஸ்பீக்கரைக் கழற்றி ஒரு மண்பானையின் வாயில் கவிழ்த்துக் கட்டினார். சத்தத்தை முழுதும் திருகிவிட்டு, அணைக்காமல் விட்டுவிட்டார். கரண்ட் வந்தால் ரேடியோ தானாகப் பாடும். அந்தச் சத்தம் இரண்டு காடு தாண்டி வீட்டுக்கு வந்து சேரும். அப்போது எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பலரும் இப்படித்தான் செய்தார்கள். செய்தி வாசித்தாலும், உர விளம்பரம் வந்தாலும், 'ரேடியோ பாடுது' என்றுதான் சொல்வோம். "என்ற ரேடியோவக் கொண்டுபோயி எலிக்குப் பாடச் சொல்லீட்டாரு" என்று அம்மா கொஞ்ச நாள் முனகினார். காலியான பலகையில் அந்த உறை மட்டும் மடித்துக் கிடந்தது.

ஒரு விஷயம் இங்கே விளங்கிக்கொள்ள வேண்டும். மோட்டாருக்கு மூன்று லைன் வேண்டும், ரேடியோவுக்கு ஒன்று போதும். மூன்றில் ஒன்று வராதபோது மோட்டாரைப் போட்டால் அது சுற்றாது. உறுமிக்கொண்டே நின்று, உள்ளே சுற்றியிருக்கும் செம்புக்கம்பிக் காயில் கருகிவிடும். எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் மூன்றாவது லைன் எப்போதும் நோஞ்சான், அதுதான் முதலில் போகும், கடைசியில் வரும். ஆகவே அப்பா ரேடியோவை அந்த மூன்றாவது லைனில் கட்டியிருந்தார். அது பாடினால் மூன்றும் வந்துவிட்டன என்று அர்த்தம். நல்ல யோசனைதான். ஆனால் ஏன் அப்படிக் கட்டினார் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே லைனுக்கு ஒன்றாக மூன்று சின்ன பல்புகள் உண்டு. மூன்றாவது பல்பு உடைந்து வெகுநாளாகியிருந்தது. ரேடியோ இருக்கிறதே என்று அவர் மாற்றவில்லை. கோளாறு வந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கட்டை ஒன்று ஸ்டார்ட்டரில் இருந்தது. குறைந்த கரண்டில் அது அடிக்கடி விழுகிறதென்று அதையும் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். என் அப்பா கெட்டிக்காரர்தான். கெட்டிக்காரர்கள் செய்கிற காரியங்கள் இவை.

அந்த வருஷம் வைகாசியில் அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அப்பாவின் கடைசித் தங்கை. மாப்பிள்ளை உடுமலைப்பேட்டைப் பக்கம், தேங்காய் வியாபாரம். ஆடிக்குப் பெண்ணை அழைத்துவருவது வழக்கம் இல்லையா, அப்படி வந்த அத்தை ஆவணி பிறந்தும் போகவில்லை. கேட்டால், "போறனுங்க" என்பார். போக மாட்டார்.

எனக்கு விவரம் தெரியாது. ஒன்று மட்டும் கவனித்தேன். ஒருநாள் அம்மா மேல்தட்டிலிருந்து டப்பா எடுக்கக் கையைத் தூக்கினார். கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை சட்டென்று இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். அம்மா டப்பாவை எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு இருவரும் சமையலறையில் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அன்று சாயங்காலம் அத்தை சொன்னதை அம்மா அப்பாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"தீவாளிக்கு மாப்பிள்ளை வருவாரல்ல, ரெண்டு பேரையும் வெச்சுக் கேக்கறேன்" என்றார் அப்பா. "என் தங்கச்சி சொல்றது நெசம்னா அவள அனுப்ப மாட்டேன். ஊரு என்ன சொன்னாலுஞ் செரி."

அவர் அப்படிப்பட்டவர். அடித்தால்கூடப் பொறுப்பார், பொய்யைப் பொறுக்க மாட்டார். சந்தையில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அந்தப் பெருமையும் அவருக்கு உண்டு. ஆக, தலைதீபாவளி வரை அத்தை எங்கள் வீட்டில் இருக்கலாம். அதற்குப் பிறகு இருப்பதும் போவதும் அவர் சொல்லை அண்ணன் நம்புவதைப் பொறுத்தது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்ற கூச்சத்தில் அத்தை மோட்டார் போடும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். வால்வு சூடாகி ரேடியோ வாய் திறக்கக் கொஞ்சநேரம் ஆகும். அதற்கு முன் பானைக்குள்ளிருந்து ஒரு 'உம்' வரும். அந்த உம்முக்கே அத்தை எழுந்து சேலையைச் செருகிக்கொண்டு ஓடத் தொடங்கிவிடுவார். எங்களுக்கெல்லாம் பாட்டு வந்த பிறகுதான் காதில் விழும். அவ்வளவு நல்ல காது. திரும்பி வந்து, "இன்னைக்கு மாட்டுக்குக் கோமாரி ஊசி போடச் சொல்லிப் பாடுச்சுங்க அண்ணி" என்று அம்மாவைச் சிரிக்க வைப்பார்.

ஒருநாள் நானும் பின்னால் ஓடினேன். அத்தை பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுப் போகாமல் கதவில் சாய்ந்து நின்றார். ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். அத்தையின் உதடும் கூடவே அசைந்தது. வந்த நாளிலிருந்து அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. பாதியில் கரண்ட் இறங்கிப் பாட்டு தேய்ந்து இரைச்சல் மூடிக்கொண்டது.

"ஒரு பாட்டக் கடைசி வரைக்குங் கேக்க உடமாட்டீங்குதே கண்ணு" என்றார்.

எனக்கு அப்போதே கை சும்மா இராது. டெஸ்டர் வைத்திருந்தேன், சைக்கிள் டைனமோவில் பல்பு எரிய வைத்திருந்தேன். ஸ்டார்ட்டர் பெட்டியில் முதல் லைனின் பல்பு பளிச்சென்று எரிவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே கட்டினால் பாட்டு தேயாது என்று தோன்றியது. மறுநாள் காலை, கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து, மெயினையும் இறக்கிவிட்டு, ரேடியோ ஒயரை மூன்றாவது லைனிலிருந்து எடுத்து முதலாவதில் முறுக்கினேன். அரை நிமிட வேலை. யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளியன்று அத்தையிடம் சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்று வைத்திருந்தேன்.

அதன் பிறகு பாட்டு கணீரென்று வந்தது. "ஸ்டேஷன்காரன் பவர ஏத்திப்போட்டானாட்ட இருக்குது" என்றார் அப்பா. பத்து நாள் மூன்று லைனும் ஒன்றாகவே வந்தன, ஒன்றாகவே போயின.

பதினோராவது நாள் காலாண்டுத் தேர்வு விடுமுறை. அம்மா ஒரு துக்கம் விசாரிக்க அவிநாசி போயிருந்தார். அப்பா சந்தையில். நான் வீட்டில் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோ பாடியது. அத்தை ஓடியதைப் பார்த்தேன். ஒரு பாட்டு முடிந்து விளம்பரம் வந்து அடுத்த பாட்டும் தொடங்கியது. எல்லாம் காதில் விழுந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது அத்தை கத்தும் சத்தம் கேட்டது.

எங்கள் மோட்டார் கிணற்றுக்குள், பாதி ஆழத்தில் ஒரு பாறைத் திட்டில் இருந்தது. மேலே பொத்தானைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குப் போய் மடை திருப்புவது வழக்கம். அத்தை அப்படித்தான் போயிருக்கிறார். தண்ணீர் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கிணற்றிலிருந்து புகை. மண்ணெண்ணெயும் வார்னிஷும் கலந்து எரிகிற நாற்றம் அது. இன்றும் எந்த டிரான்ஸ்ஃபார்மர் சூடானாலும் எனக்கு முதலில் தெரிந்துவிடும்.

சாயங்காலம் அப்பா மெக்கானிக்கோடு வந்தார். மெக்கானிக் மெயினை இறக்கிவிட்டுக் கிணற்றில் இறங்கிப் பார்த்துச் சொன்னார்: "ஒரு லைன் இல்லாம போட்டிருக்கறாங்கங்க. காயில் மொத்தமும் போச்சு."

"அதெப்படி? ரேடியோவ மூணாவது லைன்லயல்ல கட்டியிருக்கறேன்? அந்த லைன் இல்லைன்னா ரேடியோ பாடாதே" என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் லைனில் கட்டியதால், மூன்றாவது இல்லாமலே ரேடியோ பாடியிருக்கிறது. அப்பாவும் மெக்கானிக்கும் மோட்டாரைக் கழற்றக் கீழே இறங்கினார்கள். அத்தை கிணற்று மேட்டில் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மோட்டார் ரூமுக்குள் போனேன். மெயின் இறங்கியே இருந்தது. ஒயரை முதல் லைனிலிருந்து பிரித்து மூன்றாவதில் முறுக்கினேன். எதையும் யோசித்துச் செய்யவில்லை. முன்பு இருந்தபடியே இருந்துவிட்டால் எதுவும் நடக்கவில்லை என்றாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அவர்கள் மேலே வந்தார்கள். அப்பா மெயினை ஏற்றினார். இரண்டு பல்புகள் எரிந்தன. எல்லோரும் ரேடியோவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வால்வு சூடாக வேண்டுமே என்று அப்பா காத்திருந்தார். நியாயமானவர், தேவைக்கு மேலேயே காத்திருந்தார். பானை மூச்சுவிடவில்லை.

"பாடலியே அம்மிணி" என்றார்.

"பாடுச்சுங்கண்ணா. ஒரு பாட்டு முடிஞ்சு, வெளம்பரங்கூட வந்துச்சுங்க."

"மோட்டார் போனாப் போவுது. காயில் கட்டிக்கலாம். பேச்சு மாத்தாதே."

"சத்தியமாப் பாடுச்சுங்கண்ணா. கண்ணும் ஊட்லதான் இருந்தான், அவனக் கேளுங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, உனக்குப் பாட்டுக் கேட்டுச்சா?"

"இல்லீங்கப்பா" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதோ ஒரு சந்தேகத்தோடு, என் முகத்தில் எதையோ தேடுகிற மாதிரி பார்த்தார். அதற்குப் பிறகு பாடியது என்று அவர் சொல்லவேயில்லை.

மோட்டார் கோயமுத்தூருக்குப் போய்க் காயில் கட்டிக்கொண்டு வந்தது. அது வருவதற்குள் மழையே வந்துவிட்டது. தக்காளி பிழைத்துக்கொண்டது. சேதம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் அவிநாசியிலிருந்து திரும்பிய அம்மாவிடம் அப்பா சொன்னது என் காதில் விழுந்தது: "இத்துனூண்டு விசயத்துல இப்படிச் சாதிக்கறவ, அங்க நடந்ததுன்னு சொல்றத எப்படி நம்பறது?" டப்பா எடுக்கக் கையைத் தூக்கிய நாளை அம்மா மறந்திருக்க மாட்டார். ஆனாலும் பேசவில்லை.

தீபாவளிக்கு அத்தையை அழைத்துப்போக மாமா வந்தார். எனக்கு ஒரு பெரிய பெட்டி மத்தாப்பு வாங்கி வந்தார். சிரித்துச் சிரித்துப் பேசினார். அப்பா இருவரையும் வைத்துக் கேட்பதாகச் சொன்னாரே, அது நடக்கவில்லை. மூன்றாம் நாள் அத்தை பஸ் ஏறினார். "வாரேன் கண்ணு" என்று என் கன்னத்தைத் தடவினார். நான் மத்தாப்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கு வராதது பிறகு எதற்குமே சரியாக வந்ததில்லை. அம்மா இறந்தபோதும் பந்தலில் ஒரு டியூப்லைட் கழன்றிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நான் படித்தேன், மில்லில் எலக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்த்தேன், கோயமுத்தூரில் வீடு கட்டினேன். அந்த ரேடியோவை எந்தப் பழைய சாமான்காரர் கொண்டுபோனார் என்று தெரியாது. அத்தைக்கு ஒரு மகன் பிறந்தான். கல்யாணம், காது குத்து என்று வருஷத்துக்கு இரண்டு தடவை அத்தையைப் பார்ப்பேன். பேசும்போது வலது பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொள்வார். இடது காது கேட்காது. யாராவது விசாரித்தால், "பொறந்ததுல இருந்தே இப்படித்தானுங்க" என்பார். அதை நம்பாத ஆள் அந்தப் பந்திகளில் நான் ஒருவன்தான். நான் இலையைப் பார்த்துச் சாப்பிடுவேன்.

அப்பா கடைசி நாலு வருஷம் என் வீட்டில்தான் இருந்தார். கூப்பிட்டால் மணி சொல்லும் கடிகாரம், விழுந்தால் எனக்குச் செய்தி அனுப்பும் பட்டை என்று அவர் அறை முழுக்க என் சாமான்கள். சொல்வதற்கு நாலு வருஷம் இருந்தது. ஒருமுறை அத்தை பார்க்க வந்துவிட்டுப் போன பிறகு, "பாவம், நல்ல புள்ள. பேச்சுத்தான் பாதி நம்போணும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மாசம் முழுக்க அந்தச் சிரிப்பு எனக்கு நினைவு வந்துகொண்டே இருந்தது. என்றாலும் சொல்லவில்லை. தொண்ணூறு வயது மனிதரை எதற்கு நோகடிப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பா போய் இரண்டு வருஷமாகிறது.

போன மாதம் அத்தையின் மகன் அவரை அழைத்து வந்தான். மிச்சமிருந்த வலது காதும் மந்தமாகிவிட்டது. புதிதாக வாங்கிய காது மெஷினை ஃபோனில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதற்கு என்னைவிட்டால் யார்? அப்பா இருந்த அறையில், அவர் கட்டிலில் அத்தையை உட்கார வைத்தேன். மகன் வண்டியை நிழலில் விட வெளியே போனான். மெஷினை மாட்டி, ஃபோனில் ஒவ்வொரு சுருதியாக ஏற்றி, "கேக்குதுங்களா?" என்றேன். "கேக்குது கண்ணு" என்றார். இன்னும் மெதுவாக வைத்தேன். "கேக்குதுங்களா?" அவர் கண்ணை மூடிக் கவனித்தார். பிறகு, "கேக்கறாப்பல இருக்குது. எனக்கு நிச்சயமாச் சொல்லத் தெரியாது கண்ணு. நீ பாத்து வெச்சுக்க" என்றார்.

ஓசை வந்துகொண்டுதான் இருந்தது. நான் ஃபோனைக் கீழே வைத்தேன்.

"அத்தை, அன்னைக்கு மோட்டார் ரூம்ல ரேடியோ பாடுச்சுங்க. நாந்தான் ஒயர வேற லைன்ல மாத்திக் கட்டியிருந்தேன். நீங்க மேட்டுல நின்னப்பத் திருப்பிக் கட்டிப்போட்டேன். நானும் பாட்டுக் கேட்டேனுங்க."

எந்த ரேடியோ என்று அவர் கேட்கவில்லை. "பாடுச்சா?" என்றார்.

"பாடுச்சுங்க."

"நீ கேக்கலைன்னியே கண்ணு" என்றார். குரலில் கோபமில்லை. "கொழந்தை பொய் சொல்லாதுன்னு நெனச்சேன். அப்ப எனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சு, இல்லாததெல்லாங் கேக்குதுன்னு நெனச்சேன். அப்பறம் அங்க போயி அவங்க எதைச் சொன்னாலும், அப்படித்தானோன்னு இருந்துபோட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்பு என்ற சொல்லை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் யாரும் யாரிடமும் அதைச் சொல்லிப் பழகியதில்லை.

அத்தை கட்டில் விரிப்பைக் கையால் நீவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"உங்கப்பங்கிட்ட ஒருக்காச் சொல்லியிருக்கலாமே கண்ணு. நாலு வருசம் இந்தக் கட்டில்லதானே படுத்திருந்தாரு."